விதூஷகனின் இடம்

இக்காலத்து இளைஞர்களைப் பற்றிப் பெரியவர்கள் அடுக்கும் குறைகளில் ஆகப் புதியது, கைப்பேசியில் ஓயாது பார்க்கும் நகைச்சுவைக் காணொளிகளால் அவர்களுடைய பேச்சும் நடத்தையும் கெட்டுப்போயின என்பது. எதைக் கேட்டாலும் ஏதோ ஒரு சினிமாக் காட்சியின் வசனத்தைப் பதிலாக வீசுகிறார்கள். ஒருவர் வழுக்கி விழுந்தால் கைகொடுப்பதற்கு முன் சிரிக்கிறார்கள். வகுப்பில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் ஒருவன் அவருடைய கையசைவை அபிநயிக்க, மற்றொருவன் அதைப் படம்பிடித்து அன்று மாலைக்குள் ஊரெல்லாம் பரப்பிவிடுகிறான் என்று அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. இருந்தாலும் அந்தக் குற்றச்சாட்டில் மிகவும் வேறுபட்ட விஷயங்கள் பிரித்தறியப்படாமல் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லப்படுகின்றன என்பதும், அதனாலேயே கண்டிக்கப்பட வேண்டியது தப்பிப் போய், கண்டிக்க வேண்டாதது அடிவாங்குகிறது என்பதும் என் அபிப்பிராயம்.

கண்டதைப் பாவனை செய்வது இளம் பருவத்தின் ஸ்வபாவம்; அதற்குக் கைப்பேசி தேவைப்பட்டதில்லை. 1952-ல் 'பராசக்தி' வந்த பிறகு அதன் நீதிமன்ற வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவனைப் பள்ளி ஆண்டுவிழாக்கள் பல காலம் கண்டுகொண்டிருந்தன. 1954-ல் வெளிவந்த 'ரத்தக்கண்ணீ'ரில் எம்.ஆர். ராதா இழுத்துப் பேசிய அந்தக் குரலை, அந்தப் படத்தையே பாராதவர்கள் கூடத் தங்கள் தெருவில் பேசிக் காட்டினார்கள். 1984-ல் வந்த 'விதி' படத்தின் வசனம் ஒலிநாடாவாக விற்பனையாகி, டீக்கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் பாட்டுக்குப் பதிலாக ஒலித்ததை அறிந்தவர்கள், இன்றைய பையன் வடிவேலுவின் வாயசைவுக்குத் தன் வாயைப் பொருத்திப் படமெடுத்துக்கொள்வதைக் கண்டு திடுக்கிடுவதில் நியாயம் அதிகம் இல்லை. ஆகையால் இளைஞன் பாவனை செய்கிறானா என்று கேட்பதில் பயன் இல்லை. ஒரு நகைச்சுவைக் காட்சியில் சிரிப்பவன், சிரிக்கப்படுகிறவன் என்று இருவர் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களில் யாருடைய இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க அந்தக் காட்சி அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறது என்பதுதான் கேட்கத் தகுந்த கேள்வியாக எனக்குப் படுகிறது.

நம் முன்னோர்கள் இதை யோசிக்காமல் இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு நிலைக்களங்களை வகுத்தார். அதற்கு உரை வகுத்த பேராசிரியர், அந்த எள்ளலும் பிறவும் தன்னிடத்திலும் தோன்றலாம், பிறரிடத்திலும் தோன்றலாம் என்று நுட்பமாகப் பிரித்துக் காட்டினார். பரதரின் நாட்டிய சாஸ்திரமும் ஹாஸ்யத்தைத் தன்னைப் பற்றியது, பிறரைப் பற்றியது என்று இரண்டாக்கி, புன்முறுவலாகிய ஸ்மிதத்திலிருந்து அடக்கமின்றி அதிரும் அதிஹசிதம் வரையில் ஆறு படிகளைச் சொல்லி, அவற்றை உத்தம, மத்திம, அதம பாத்திரங்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. மனிதர்களையே அப்படித் தரம் பிரித்ததை இன்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சிரிப்பிலும் தரம் உண்டு என்னும் அடிப்படையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சமஸ்கிருத நாடகத்தின் விதூஷகன், அரசனுக்கு அருகிலேயே உட்கார்ந்திருந்தும், சிரிப்புக்குத் தன் தொந்தியையும் தன் பயத்தையுமே மூலதனமாகக் கொண்டவன். பாசகவியின் 'ஸ்வப்ன வாசவதத்த'த்தில் வசந்தகன் அரண்மனைச் சாப்பாடு செரிக்கவில்லை என்று புலம்பிக்கொண்டு வருகிறான், பார்க்கிறவன் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பினால் புண்பட்டவர் ஒருவரும் இல்லை. தெருக்கூத்தின் கட்டியங்காரன் ராஜாவைச் சபைக்கு அறிமுகம் செய்துவைத்த கையோடு அவரைக் கிண்டலும் செய்வான். ஆனால் ராஜா வேஷக்காரர் அந்தக் கிண்டலை வாங்கிக்கொள்ளச் சம்மதித்துத்தான் கிரீடம் தரித்திருக்கிறார். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடக மேடையில், வள்ளி திருமணம் தொடங்குமுன் முதல் ஆளாக வந்து நிற்கும் பபூன், ஊராரைச் சிரிக்கவைப்பதற்காகத் தன்னையே அசடாக்கிக்கொள்கிறான். கூத்து முடிந்தால் வேஷம் கலையும். வேஷம் கலைந்த பிறகும் ஒருவனைப் பபூன் என்று அழைப்பது அவமரியாதை என்பது ஊராருக்குத் தெரியும். இந்த வரம்புதான் நமக்கு முக்கியம்.

தமிழ் சினிமா இந்த வரம்பைக் கொஞ்சம் நெகிழ்த்தியது என்றாலும் உடைத்துவிடவில்லை. கவுண்டமணி செந்திலின் தலையையும் நிறத்தையும் உருவத்தையும் வைத்து வர்ணித்த வசவுகள், அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களில் எத்தனையோ கறுத்த பிள்ளைகளுக்கும் பருத்த பிள்ளைகளுக்கும் நிரந்தரப் பட்டப்பெயர்களாக ஒட்டிக்கொண்டன என்பதை மறந்துவிட்டு, கடந்த காலத்து ஹாஸ்யம் முழுவதும் நிர்மலமானது என்று சாதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் 1989-ல் 'கரகாட்டக்கார'னின் வாழைப்பழக் காட்சியில் கடைசியில் திகைத்து நிற்பது யார் என்று யோசித்துப் பாருங்கள்: அடிப்பவரே தோற்கிறார். வடிவேலுவிடம் வந்தபோது இந்தக் கலை தன் பழைய தர்மத்துக்கே திரும்பிவிட்டது. 2003-ல் வந்த 'வின்னர்' படத்தில் வருத்தப்படாத வாலிபர் சங்கத்துக்குத் தலைவனாய் மார்தட்டும் கைப்புள்ளயும், 2006-ல் 'தலைநகர'த்தில் ரவுடி வேஷம் போடும் நாய் சேகரும் அடிவாங்குவதற்கென்றே பிறந்தவர்கள். அடிபட்ட பிறகும் அடிபடாதவன் போல எழுந்து சட்டையை உதறிக்கொள்ளும் அந்தப் பொய்க் கம்பீரத்தில், உலகத்தில் தோற்ற ஒவ்வொருவனும் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

2011-க்குப் பிறகு வடிவேலு திரையில் அநேகமாக இல்லாமற்போன ஆண்டுகளில்தான் அவர் எங்கும் நிறைந்தவரானார் என்பது கவனிக்கத் தக்கது. ஐந்நூறுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் பட்டத்தோடு வெளிவந்து, பட்டத்துக்கு ஏற்ற வேலை கிடைக்காமல், வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு தலைமுறை, தன் அரியரையும், தன் காதல் தோல்வியையும், கேம்பஸ் இண்டர்வியூவில் கடைசி வரையில் உட்கார்ந்து எழுந்து வந்த கதையையும் சொல்வதற்கு அவருடைய முகத்தைக் கடன் வாங்கிக்கொண்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிந்த பிறகு, நகராத படங்களாக இருந்த மீம்கள் நகரும் துண்டுகளாக மாறி, கிராமத்துப் பிள்ளைகளின் கைக்கும் வந்து சேர்ந்தன. கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் ஓர் உறவுக்காரப் பையன், பரீட்சை முடிவு வந்த அன்று, குடும்பத்தார் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், சட்டை கிழிந்து தள்ளாடி நடக்கும் வடிவேலுவின் காட்சியை மட்டும் போட்டுவிட்டு மௌனமாக இருந்தான். அவனுடைய தகப்பனார் எனக்குப் போன் செய்து, "பாருங்கண்ணா, மூணு பேப்பர் போயிருக்குது, இவனுக்குச் சிரிப்பு வருதுங்க" என்று கொதித்தார். பிறகு நான் அவனிடம் கேட்டபோது, "அழுதுட்டு உக்காந்தா மட்டும் பாஸ் போட்டிருவாங்களாங்க பெரியப்பா?" என்றான். தகப்பனார் கண்டது அலட்சியம். எனக்கு அதில் தெரிந்தது, ஒரு விதூஷகனின் துணையைக் கொண்டு தன் வெட்கத்தைத் தானே முதலில் அறிவித்துவிட்டு, பிறர் சொல்லவிருக்கும் சுடுசொல்லின் கூர்மையை மழுக்கிவிடும் தந்திரம். அந்தத் தந்திரத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவை இந்தக் காணொளிகளே என்றால், அவற்றுக்கு நான் நன்றி சொல்லத் தயார்.

இதே கூட்டுக் கற்பனையின் உச்சம் என்று 2019 மே 29-ஐச் சொல்லலாம். சுத்தியல் ஒன்றின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு முகநூல் பக்கம் கேட்க, தமிழ் இளைஞர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், ஜமீன் பங்களாவில் இந்தச் சுத்தியல் விழுந்துதான் காண்டிராக்டர் நேசமணிக்கு மண்டை உடைந்தது என்று 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்துக் காட்சியை உண்மைச் சம்பவம் போலச் சொல்லிவைத்தார். உடனே ஆயிரக்கணக்கானோர் நேசமணியின் உடல்நிலையை விசாரிக்கவும், பிரார்த்தனை செய்யவும், மருத்துவமனை அறிக்கை எழுதவும் தொடங்கி, மறுநாள் தில்லியில் புதிய மத்திய அரசு பதவியேற்கவிருந்த சமயத்தில், உலக அளவில் பேசப்படும் விஷயமாக ஒரு சினிமாப் பாத்திரத்தின் தலைக்காயத்தை ஆக்கிவிட்டார்கள். காரியமற்ற விளையாட்டு என்று சிலர் சலித்துக்கொண்டார்கள், காரியமற்றதுதான். எனினும், முன்பின் அறியாத இத்தனை பேர் ஒத்திகையின்றி ஒரே நாடகத்தில் அவரவர் பாத்திரத்தை உணர்ந்து நடித்ததும், அந்த நாடகத்தில் ஒரு ஜீவனும் புண்படாததும் எனக்கு இன்றும் வியப்பைத் தருகின்றன.

தனக்கு வரும் துன்பத்தைத் தானே முந்திக்கொண்டு கேலி செய்யும் பழக்கத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. சம்பளம் தராத நிறுவனம், பாடம் நடத்தாத கல்லூரி, காரணம் சொல்லாமல் தள்ளிப்போகும் அரசுத் தேர்வு இவற்றின் மீது எழ வேண்டிய கோபம், நல்ல ஒரு மீம் அகப்பட்டதும் பாதி வடிந்துவிடுகிறது. மீதிப் பாதி மறுநாள் காலையில் வேறொரு மீமில் வடிகிறது. ஆயினும் 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினாக் கடற்கரையில் கூடியவர்கள் இதே மீம்களைப் பகிர்ந்த இளைஞர்கள்தாம் என்பதால், சிரிப்பவன் எழமாட்டான் என்று தீர்மானமாகச் சொல்லிவிடவும் என்னால் முடியவில்லை.

இரண்டு மூன்று பேரே சேர்ந்து ஒரு குடும்பத்தையோ அலுவலகத்தையோ முழுவதுமாக நடித்துக்காட்டும் காணொளிகளையும் நான் இந்த நல்ல கணக்கிலேயே சேர்ப்பேன். கோபியும் சுதாகரும் 'பரிதாபங்கள்' என்ற பெயரில் செய்துவருவதை இதற்குப் பிரசித்தமான உதாரணமாகக் கொள்ளலாம். தோளில் ஒரு துண்டைப் போட்டால் அப்பா, அதையே தலையில் போட்டுக்கொண்டால் அம்மா, கண்ணாடி மாட்டினால் மேலாளர் என்று சொற்பமான உபகரணங்களைக் கொண்டு, கல்யாண வீட்டுப் பந்தியில் கோபித்துக்கொள்ளும் மாமாவையும், மாதக் கடைசியில் கடன் கேட்கும் நண்பனையும் அவர்கள் கண்முன் நிறுத்தும்போது, பார்க்கிற இளைஞனுக்குச் சிரிப்போடு கூட அவதானம் என்ற ஒன்றும் கிடைக்கிறது. தன் தகப்பனார் கோபப்படும் முறைக்கு ஒரு லயம் இருக்கிறது, அது தன் வீட்டுக்கு மாத்திரம் உரியதல்ல, ஊரிலுள்ள எல்லா அப்பாக்களுக்கும் பொதுவானது என்று தெரிந்துகொள்கிற பையன், அடுத்த முறை அவர் கோபப்படும்போது எதிர்த்துப் பேசாமல் உள்ளுக்குள் புன்னகைத்துக்கொள்ளக் கூடும். இத்தகைய நடிப்பில் நடிப்பவனே அப்பாவாகவும் பிள்ளையாகவும் மாறி மாறி நிற்க வேண்டியிருப்பதால், அவன் யாரையும் முழுவதுமாக வெறுத்துவிட முடியாது. 2020 ஜூன் 29-ல் தடை செய்யப்படும் வரையில் டிக்டாக்கில், வயலில் நாற்று நட்டுக்கொண்டே வசனம் பேசிய பெண்களும், பேரனோடு சேர்ந்து ஆடிய பாட்டிகளும் செய்தவற்றில் ரசக்குறைவு எத்தனையோ இருந்தன. தம்மைத் தாமே காட்சியாக்கிக்கொள்ளும் துணிவும் அதே அளவுக்கு இருந்தது. அவர்களை இழிவாகப் பேசியவர்களில் பலருக்குக் கலையைவிடச் சாதியும் வர்க்கமுமே உறுத்தின என்பது என் சந்தேகம்.

வழியில் போகிறவரை ஏய்த்து, அவர் பதறுவதை மறைவிலிருந்து படம்பிடிக்கும் பிராங்க் காணொளிதான் நான் விலக்கிவைக்க விரும்புவது. இதுவும் புதிய கண்டுபிடிப்பன்று. 1948-லேயே அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆலன் ஃபன்ட் என்பவர், பின்னர் 'கேண்டிட் கேமரா' என்று பெயர்பெற்ற நிகழ்ச்சியில் இதைத் தொடங்கினார். நம்முடைய பண்பலை வானொலிகளும் தொலைபேசியில் ஆளை ஏய்த்துச் சிரித்து நெடுநாள் பிழைத்தன. ஆனால் பழைய ஏற்பாட்டில் கடைசியில் விஷயத்தை உடைத்துச் சொல்லி, ஏமாந்தவரையும் சிரிக்கவைத்து, அவருடைய சம்மதக் கையொப்பத்தையும் பெற்றுக்கொள்ளும் ஒரு சம்பிரதாயமாவது இருந்தது. இன்றைய பிராங்கில் விதூஷகன் செய்திருக்கும் காரியம் என்னவென்றால், மேடையை விட்டு இறங்கி, கேமராவுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டு, தான் அணிய வேண்டிய கோமாளிக் குல்லாயை, பூ விற்றுக்கொண்டிருந்த கிழவியின் தலையிலோ, ஏ.டி.எம். வாசலில் தூங்கிவழியும் காவலாளியின் தலையிலோ, பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் தலையிலோ அவர்கள் அறியாமலே கவிழ்த்துவிடுகிறான். அந்தக் கிழவி எந்தக் கூத்துக்கும் வேஷம் கட்டிக்கொள்ளவில்லை. அவருக்கு அன்றைக்கு விற்க வேண்டிய பூ இருந்தது, அவ்வளவுதான். விதூஷகன் என்றால் தன்னைத் தானே குறைத்துக்கொள்பவன் என்று வசந்தகன் முதல் வடிவேலு வரையில் நீடித்த தர்மம் இங்கே தலைகீழாகிவிட்டது.

இந்தத் தலைகீழ்ப் பாடம்தான் இளைஞர்களின் நடத்தையில் இறங்குகிறது என்று நான் கருதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா 1961-ல் நடத்திய பிரசித்தமான பரிசோதனையில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைக் கண்ட குழந்தைகள் பிறகு தாங்களும் அப்படியே அடித்தார்கள். அதைவிடச் சுவாரசியமானது 1965-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி: அடித்தவர் தண்டிக்கப்படுவதையும் சேர்த்துப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே பாவனை செய்தன, ஆனால் கண்டதைச் செய்துகாட்டினால் பரிசு தருகிறோம் என்று சொன்னதும், அந்தக் குழந்தைகளும் மற்றவர்களுக்குச் சளைக்காமல் செய்துகாட்டின. கற்றுக்கொள்வது எல்லாருக்கும் நிகழ்ந்துவிடுகிறது, கற்றதை வெளிக்காட்டுவதும் அடக்கிவைப்பதும் பலனைப் பொறுத்தது என்பது இதன் தாத்பரியம். கைப்புள்ளயைப் பார்த்து வளர்ந்தவன், சவடால் விட்டால் உதை கிடைக்கும் என்பதையும் சேர்த்தே பார்த்தான். பிராங்க் பார்த்து வளர்கிறவன் காண்பது, ஏய்த்தவனுக்கு லட்சக்கணக்கில் வ்யூஸும், அதன் வழியே வருமானமும் கிடைப்பதை. ஏய்க்கப்பட்டவர் வீட்டுக்குப் போய் என்ன ஆனார் என்பதை அரை நிமிஷத்து ரீல்ஸில் காட்ட இடமில்லை. சிரிப்பதற்கு இதயம் ஒரு கணம் மரத்துப்போக வேண்டும் என்று பிரெஞ்சுத் தத்துவஞானி பெர்க்ஸன் 1900-ல் எழுதிய நூலில் சொன்னார். அவர் சொன்னது ஒரு கணத்தை. விரல் நகர நகர ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும் நூறு துண்டுகளை ஒரே இருப்பில் பார்த்து முடிக்கும் ஒருவனுக்கு, இடையில் உணர்ச்சி திரும்ப அவகாசம் ஏது?

ஆசிரியரைப் படம்பிடிக்கும் மாணவனையும், விபத்து நடந்த இடத்தில் முதலில் கைப்பேசியைத் தூக்கும் இளைஞனையும் நான் இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்கிறேன். அவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலும் வீட்டில் பாட்டிக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கிற பிள்ளைகள்தாம். எதிரே நிற்கும் மனிதரைக் கண்டென்டாகப் பார்க்கும் ஒரு கண்ணை மட்டும் அவர்கள் கூடுதலாகப் பெற்றுவிட்டார்கள். சட்டத்துக்கும் இந்த ஆபத்து தெரியாமற்போகவில்லை. 2019 ஏப்ரல் 3-ல் டிக்டாக்குக்கு இடைக்காலத் தடை விதித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மூன்றாவது மனிதர் யாரும் ஒருவரை ஏய்த்து ஏளனப் பொருளாக்குவது அவருடைய அந்தரங்க உரிமைக்கு விரோதமானது என்ற கருத்தையும் அந்த உத்தரவில் பதிவு செய்தது. அந்தத் தடை அதே மாதம் 24-ஆம் தேதி விலக்கப்பட்டுவிட்டது. தடையைப் பற்றி மாத்திரம் எல்லாரும் விவாதித்தார்கள். ஏளனத்தைப் பற்றிச் சொன்னதைப் பொருட்படுத்தியவர்கள் குறைவு.

இந்தத் துறையில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் சிரித்துக்கொண்டு தரும் சமாதானம் ஒன்று உண்டு: தெருவில் எதேச்சையாக நடந்தது போலக் காட்டப்படும் காணொளிகளில் பல, ஆள் பிடித்து, பணம் கொடுத்து, முன்கூட்டியே சொல்லிவைத்து எடுக்கப்படுபவை, பதறுகிற அந்த அம்மாளும் நடிகைதான் என்கிறார்கள். ஏமாற்று வேலை என்று இதைக் கேட்டுச் சிலர் கோபிக்கிறார்கள். எனக்கோ இதில் அரைகுறையான ஓர் ஆறுதல் இருக்கிறது. சம்மதித்து வேஷம் கட்டியவரின் தலைக்கே குல்லாய் திரும்பிவிட்டது அல்லவா? ஆனால் பணமும் சம்மதமும் போதவில்லை என்பதை 2021 ஜனவரியில் சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரைப் பேட்டி ஒன்று காட்டியது. கொச்சையான பேச்சுக்காகப் பரவிய அந்தக் காணொளியை வெளியிட்ட யூடியூப் சேனலைச் சேர்ந்த மூவர் கைதானபோது, பணம் கொடுத்து, சொல்லிக்கொடுத்ததைத்தான் பேசவைத்தார்கள் என்று அதில் பேசிய பெண்ணே கூறியதாகச் செய்திகள் வந்தன. பேசச் சொன்னவர்கள் கேமராவுக்குப் பின்னால் இருந்தார்கள். வசவுகள் முழுவதும் முன்னால் நின்றவரைத் தேடி வந்தன. அது போகட்டும், மொத்தமும் நடிப்பே என்று வைத்துக்கொண்டாலும், அது நடிப்பென்று பார்க்கிற பதினைந்து வயதுப் பையனிடம் யாரும் சொல்லிவைப்பதில்லை. பொழுதுபோக்குக்காக மட்டுமே என்ற அறிவிப்பு, முதல் விநாடியில், எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. மறுநாள் அவன் தன் தெருவில், தன் நண்பனைக் கைப்பேசியோடு மரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, சைக்கிளில் வரும் தபால்காரரிடம் அதையே செய்துபார்க்கிறான். தபால்காரருக்கு ஒருவரும் பணம் கொடுத்திருக்கவில்லை.